வாசலைக் காட்டிய கை

என் மூக்கையும் என் இழுப்பையும் எனக்குக் கொடுத்துவிட்டுப் போன என் அன்பான அப்பாவுக்கு,

இன்று காலை மூச்சு நன்றாக இருக்கிறது. முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன். நீங்கள் இருந்தால் முதலில் கேட்பது அதைத்தான். மற்றவர்கள் வீட்டில் ஒருவரை ஒருவர் பார்த்தால் சாப்பாட்டை விசாரிப்பார்கள். நாம் இரண்டு பேரும் மூச்சை விசாரித்துக்கொள்வோம். "இன்னிக்கு எப்பிடி கண்ணு, ஏறுதா எறங்குதா?" என்று கேட்பீர்கள். நீங்கள் போன பிறகு என்னை அப்படிக் கேட்க ஆளில்லை.

வாசற்படியில் உட்கார்ந்து இதை எழுதுகிறேன். அண்ணன் போத்தனூர் கூட்ஸ் ஆபீசுக்குப் போய்விட்டார். அண்ணி கிணற்றடியில் துணி அடிக்கிற சத்தம் கேட்கிறது. அம்மா உள்ளே கீரை ஆய்ந்துகொண்டிருக்கிறாள். நம் தெரு முனையில் கரண்டு விளக்குக் கம்பம் நட்டிருக்கிறார்கள் அப்பா. சாயங்காலம் அது எரிய ஆரம்பித்ததும் தெருவே கல்யாண வீடு மாதிரி ஆகிவிடுகிறது. நீங்கள் பார்த்திருந்தால் அதற்கும் ஒரு பிரசங்கம் செய்திருப்பீர்கள்.

எனக்குப் பின்னால், கதவோரம், என் தகரப் பெட்டி இருக்கிறது. என் சேலைகளும் வேதப் புத்தகமும் மருந்துப் பொட்டலமும் உள்ளே. அந்தப் பெட்டி நாளைக் காலை தாராபுரம் மோட்டார் பஸ்ஸில் ஏறுமா ஏறாதா என்று இந்த நிமிஷம் வரை எனக்குத் தெரியவில்லை. அது ஏறினால் நானும் ஏற வேண்டும். நான் ஏறினால் உயிரோடு திரும்பி வருவேன் என்ற நம்பிக்கை எனக்குத் துளியும் இல்லை.

உங்களிடம் ஒன்று கேட்க வேண்டும். அதைக் கேட்பதற்கு முன்னால் நடந்ததைச் சொன்னால்தான் விளங்கும். இதை எழுதி முடித்ததும் நம் சபைப் பத்திரிகைக்கே அனுப்பிவிடப் போகிறேன். உங்கள் மரணத்தைப் பற்றி அவர்கள் எழுதினதைப் படித்த அத்தனை பேரும் இதையும் படிக்கட்டும்.

பள்ளிக்கூட விடுதியில் டீச்சராகப் பிள்ளைகளோடு நான் தங்கியிருந்த வரைக்கும் என் நோய் என் கட்டுக்குள்தான் இருந்தது. ஆடி மாதத்தில் பாலக்காட்டுப் பக்கமிருந்து காற்று வீச ஆரம்பித்தால் ஒரு பாடு படுத்தும். மற்ற மாதங்களில் திப்பிலியும் தேனும் போதும். பெண் பார்க்க வந்தவர்கள் என் நெஞ்சில் கேட்கிற சத்தத்தைக் கேட்டுவிட்டு, காப்பியைக் குடித்துவிட்டு, சொல்லிக்கொண்டு போனார்கள். அதைப் பற்றி எனக்குப் பெரிய வருத்தமில்லை. சின்ன வகுப்புப் பிள்ளைகள் இருந்தார்கள். அவர்களுக்கு என் இழுப்பு பழகிவிட்டது. டீச்சர் பாதி வாக்கியத்தில் நின்றால், மீதியை அவர்களே சொல்லிவிடுவார்கள்.

நீங்கள் போனதற்கு இரண்டு வருஷம் கழித்து, போன ஆடியில் நான் மிகவும் மெலிந்துவிட்டேன். அண்ணன் விடுதிக்கு வந்து பார்த்துவிட்டு அழுதே விட்டார். "ஆருமில்லாதவளா நீ? ஊட்டுக்கு வா அம்மணி, பள்ளிக்கோடத்துக்கு நம்மூட்டுலருந்தே போலாம்" என்று மாட்டுவண்டி பிடித்து என்னைக் கூட்டிவந்தார். அன்பாகத்தான் கூட்டிவந்தார். அதை நான் மறுக்க மாட்டேன். என்னைச் சுற்றி இருக்கிற ஒவ்வொரு சுவரும் அன்பினால் கட்டினதுதான் அப்பா. அதனால்தான் அதை முட்டவும் முடியவில்லை.

வந்த முதல் வாரத்திலேயே தொடங்கிற்று. பகலெல்லாம் சும்மா இருக்கும். சோறு வடிப்பேன், தண்ணீர் சேந்துவேன், பாட்டு முணுமுணுப்பேன். பொழுது சாய்ந்து, குடும்ப ஜெபத்துக்கு அண்ணன் உங்கள் ஜமக்காளத்தை விரித்து, நாங்கள் எல்லோரும் முழங்காற்படியிட்டு முகத்தைத் தாழ்த்தினால், எனக்குள் யாரோ கயிற்றைப் போட்டு இறுக்க ஆரம்பிப்பார்கள். அண்ணன் "எங்கள் பரம பிதாவே" என்று தொடங்குவார். ஆமென் வருவதற்குள் நான் தோளெலும்பு இரண்டும் காது வரைக்கும் தூக்க, வாயைத் திறந்துகொண்டு கிடப்பேன்.

முன்பெல்லாம் அண்ணன் கேலி செய்வார். "அம்மணி நெஞ்சுக்குள்ள கூட்ஸ் வண்டி வருது, கொடி காட்டுங்க" என்பார். நானும் சிரிப்பேன். சிரிப்பும் விசிலடிக்கும். அந்தக் கேலி நின்றதுதான் எனக்கு முதல் பயம்.

அதைக் கவனித்துச் சொன்னது அண்ணிதான். கெட்ட மனசில் சொல்லவில்லை. பாத்திரம் விளக்கிக்கொண்டே, மெதுவாக, பயந்து பயந்துதான் சொன்னாள்.

"ஏனுங்க, நானும் பாத்துட்டே இருக்கறனுங்க. பகல்ல நல்லாத்தான் இருக்கறா. ஜெபத்துக்கு முழங்கால் போட்டா மட்டுந்தானுங்க இப்பிடி இழுக்குது. எனக்கு என்னமோ நல்லதாப் படலீங்க."

அண்ணன் அவளை அதட்டினார். ஆனாலும் அந்த வார்த்தை வீட்டுக்குள் புகுந்துவிட்டது. மறுநாள் ஜெபத்தில் எனக்கு மூச்சடைத்தபோது அவர் என்னைப் பார்க்கவில்லை, என்னைத் தாண்டி எனக்குள் எதையோ பார்த்தார். அந்த வாரமே சபை மூப்பர் வந்தார். நாற்காலியில் உட்கார்ந்து, மோர் வாங்கிக் குடித்துவிட்டு, "ஆவிக்கு ஜெபம் ஆகாதுங்க தம்பி, இது நாம பாக்காததுங்களா" என்றார். நான் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

ஜெபத்தைக் கூட்டினார்கள். அரைமணி ஒருமணி ஆயிற்று. தெரு ஜனங்கள் எட்டிப் பார்க்கக் கூடாது என்று கதவையும் ஜன்னலையும் சாத்தினார்கள். என்னை நடுவில் முழங்காற்படியிட வைத்து, சுற்றிலும் நெருங்கி உட்கார்ந்து, என் தலையிலும் தோளிலும் கைகளை வைத்தார்கள். அந்தக் கைகளின் பாரத்தில் என் முகம் ஜமக்காளத்தில் போய்ப் படியும். எவ்வளவுக்கு எனக்கு இழுத்ததோ அவ்வளவுக்கு அவர்கள் உரக்க ஜெபித்தார்கள். எவ்வளவுக்கு உரக்க ஜெபித்தார்களோ அவ்வளவுக்கு எனக்கு இழுத்தது. அதற்கு முடிவே இல்லை அப்பா.

நான் ஒருநாள் கேட்டேன். "அப்பிடின்னா எதுக்குங்கண்ணா கோயில்ல எனக்கு ஒண்ணும் வரமாட்டீங்குது? அங்கயும் முழங்கால் போட்டுத்தானே ஜெபிக்கறேன்?"

"கோயில்ல அது பயந்துட்டு ஒளிஞ்சுக்குது அம்மணி" என்றார்.

வந்தாலும் பேய், வராவிட்டாலும் பேய். சிரிப்புத்தான் வந்தது. அன்றைக்குச் சிரித்ததையும் பேய்க் கணக்கிலேயே எழுதிக்கொண்டார்கள்.

மிஷன் ஆஸ்பத்திரி வெள்ளைக்கார டாக்டரம்மாவிடமும் போனேன். அந்த அம்மாள் புத்தகத் தமிழில், "எந்த வேளையில் இந்த உபத்திரவம் உண்டாகிறது?" என்றார்கள். சாயங்காலம் என்றேன். "அந்த வேளையில் நீ என்ன செய்துகொண்டிருப்பாய்?" என்றார்கள். உபதேசியார் மகள், மிஷன் பள்ளிக்கூட டீச்சர், ஜெபம் செய்தால் எனக்கு மூச்சு முட்டுகிறது என்று எந்த வாயால் சொல்வேன்? சும்மாதான் இருப்பேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். கொளுத்திப் புகை இழுக்கச் சொல்லி ஊமத்தை இலைப் பொடி கொடுத்தார்கள். சாம்பிராணி கூடப் போடாத நம் வீட்டில் ஊமத்தைப் புகை எழும்பினதும் அண்ணி வெளியே ஓடிப்போய் நின்றுகொண்டாள்.

பள்ளிக்கூடத்துக்கும் சேதி போய்விட்டது. பிள்ளைகளின் தாய்மார் பயப்படுகிறார்கள், கர்த்தர் விடுதலை கொடுக்கும் வரைக்கும் வீட்டிலேயே இருக்கலாம் என்று பெரிய டீச்சரம்மா சொல்லியனுப்பினார்கள். அன்றிலிருந்து இந்த வீடுதான். வாசலைத் தாண்ட வேண்டுமென்றால் அம்மாவோ அண்ணியோ கூட வர வேண்டும். என் வகுப்புப் பிள்ளை ஒருத்தி தெருவில் என்னைப் பார்த்துவிட்டு, ஓடிவர இரண்டு அடி வைத்தவள், என்ன நினைத்தாளோ, அப்படியே நின்றுவிட்டாள். நான் அன்றைக்கு ஜெபத்துக்கு முன்னாலேயே அழுதேன்.

உங்களிடம் மறைக்க என்ன இருக்கிறது. கொஞ்ச நாள் நானே நம்பினேன். எனக்குள் ஏதோ இருக்கிறது, என் அப்பாவின் தேவனை அதற்குப் பிடிக்கவில்லை என்று நம்பினேன். தனியாக இருக்கும்போது, "நீ யார்? என்னை விட்டுப் போ" என்று என் நெஞ்சோடு நானே பேசியிருக்கிறேன். அதைவிடக் கொடுமையான தனிமை ஒன்று உண்டா அப்பா?

போன மாதம் எதிர்வீட்டில் கல்யாணம். பந்தலில் விரிக்க நம் ஜமக்காளத்தைக் கேட்டார்கள். அண்ணன் முதலில் தயங்கினார். அதை அவர் யாருக்கும் தருவதில்லை. தண்ணீரில் கூட நனைக்க விடுவதில்லை. பவானியில் நீங்கள் ஊழியம் செய்தபோது அந்தச் சபையார் நெய்து கொடுத்தது, சிவப்பும் பச்சையும் பட்டை பட்டையாக ஓடுகிறது, நடுவில் இரண்டு இடத்தில் நூல் தேய்ந்து பள்ளம் விழுந்திருக்கிறது. "எங்கப்பா விடியக்காலைல தனியா ஜெபிச்சு முழங்கால் பட்ட தடம்" என்று வருகிறவர்களுக்கெல்லாம் அண்ணன் தொட்டுக் காட்டுவார். துவைத்தால் அந்தத் தடம் போய்விடுமாம். ஆனால் கல்யாண வீட்டுக்கு இல்லை என்று சொல்ல முடியாமல் கொடுத்துவிட்டார்.

அந்த வாரம் வெறும் சாணித் தரையில் முழங்காற்படியிட்டோம். எனக்கு ஒன்றும் வரவில்லை. முதல் நாள் எல்லோரும் காத்திருந்தார்கள். இரண்டாம் நாளும் ஒன்றுமில்லை. மூன்றாம் நாள் அண்ணன் ஜெபத்தின் நடுவில் நிறுத்திவிட்டு, என் முகத்தைப் பிடித்துத் திருப்பிப் பார்த்து, "போயிருச்சு! கிருபை, போயிருச்சு!" என்று கத்தினார். அம்மா அழுதாள். அண்ணி என் கன்னத்தில் முத்தம் கொடுத்தாள். நானும் அழுதேன். அந்த ஒரு வாரம் நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா? பள்ளிக்கூடத்துக்குக் கட்டிக்கொண்டு போகிற சேலையைக் கஞ்சி போட்டு வைத்தேன்.

ஸ்தோத்திரக் கூட்டம் வைத்தார்கள். போதகர் ஐயா வந்தார், மூப்பர்கள் வந்தார்கள். இத்தனை பேரை வெறுந்தரையிலா உட்கார வைப்பது என்று எதிர்வீட்டிலிருந்து ஜமக்காளத்தைத் தூக்கிவந்தார்கள். பந்தல் மண்ணும் கல்யாணக் கூட்டத்தின் காலழுக்கும் அதில் இருந்தன. அண்ணன் எல்லோர் முன்னாலும் அதை ஒரு உதறு உதறி விரித்தார். நடுவில் என்னை உட்கார வைத்தார். போதகர் ஐயா நன்றி சொல்ல வாயைத் திறந்தார்.

அன்றைக்கு வந்தது மாதிரி என் ஆயுளில் வந்ததில்லை. நகமெல்லாம் நீலம் பாரித்ததாம். எனக்கு நினைவிருப்பது ஒன்றுதான். மூப்பர் என் காதோரம் குனிந்து, போன ஆவி ஏழு ஆவிகளைக் கூட்டிக்கொண்டு திரும்பி வந்துவிட்டது என்று சொன்னார்.

அதோடு தாராபுரம் முடிவாயிற்று. அதற்கு அந்தப் பக்கம் ஒரு கிராமத்தில் ஒரு ஜெபக்காரர் இருக்கிறாராம். ஜன்னல் இல்லாத ஒரு அறை வைத்திருக்கிறாராம். போன ஆவி திரும்ப நுழையக்கூடாது என்று ஜன்னல் வைக்கவில்லையாம். விடுதலை கிடைக்கும் வரைக்கும் அதற்குள்ளேயே உபவாசம், ஜெபம். "கூடவே அப்பா ஜமக்காளத்தையும் கொண்டு போ அம்மணி, அதுல முழங்கால் போட்டா அப்பா கூட இருக்கற மாதிரி" என்று அண்ணன் கண்ணீரோடு சொன்னார். சுருட்டி, கயிறு போட்டு, என் பெட்டியின் மேலேயே கட்டிவைத்தார்.

கட்டும்போது நான் பக்கத்தில் நின்றேன். சுருட்டின ஜமக்காளத்தின் வாயிலிருந்து தூசி புஸ்ஸென்று என் முகத்தில் அடித்தது. ஜெபமில்லை, வேதமில்லை, யாரும் கர்த்தர் பேரைச் சொல்லவில்லை. பட்டப்பகல். எனக்கு இழுப்பு வந்துவிட்டது.

ஓடிவந்து இந்த வாசற்படியில் நின்றேன். வெளிக்காற்று பட்டது. வாசல் நிலையில் கையை ஊன்றி, தலையைக் குனிந்து, மூச்சை ஒவ்வொன்றாகப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்தபோது என் கையைப் பார்த்தேன். நிலையில் அந்த இடத்தில் மரம் வழவழவென்று இருந்தது. அது உங்கள் கை பட்ட இடம் அப்பா.

நீங்கள் குடும்ப ஜெபத்தில் ஒருநாளும் உட்கார்ந்ததில்லையே. பவானியிலும் சரி, இங்கேயும் சரி, மற்றவர்களெல்லாம் ஜமக்காளத்தில் முழங்காற்படியிட, நீங்கள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு முகத்தை வெளியே திருப்பி நின்றுதான் ஜெபிப்பீர்கள். கேட்டவர்களுக்கு, வேதத்தில் வருகிற, தூரத்தில் நின்று ஜெபித்த ஆயக்காரன் கதையைச் சொல்வீர்கள். எவ்வளவு தாழ்மை என்று சபையே மெச்சியது. அண்ணன் முழங்காற்படியிட வேண்டும், எனக்கு மட்டும் சலுகை. "நீ இங்க வா கண்ணு, அப்பாகூட நில்லு" என்று என்னைக் கூப்பிட்டுப் பக்கத்தில் நிறுத்திக்கொள்வீர்கள். செல்லம் கொடுக்கிறீர்கள் என்று அண்ணனுக்கு எவ்வளவு கோபம்! எனக்கோ எவ்வளவு பெருமை!

செல்லமில்லை, இல்லையா அப்பா? உங்களுக்குத் தெரிந்திருக்கிறது. என் நெஞ்சிலும் உங்கள் நெஞ்சு இருப்பதைப் பார்த்துவிட்டு, காற்று வருகிற இடத்தில் என்னை நிறுத்தினீர்கள். ஏன் சொல்லவில்லை? உபதேசியாருக்கு ஜெபத்தில் மூச்சடைக்கிறது என்றால் சபை என்ன சொல்லும் என்று பயந்தீர்களா? நான் டாக்டரம்மாவிடம் சும்மாதான் இருப்பேன் என்று சொன்னேனே, அதே பயமா? சபையார் ஆசையாய்க் கொடுத்ததை வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லையா?

அதைவிடப் பெரிய ஒன்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. நிலையைப் பிடித்துக்கொண்டே கீழே உட்கார்ந்துவிட்டேன்.

உங்கள் கடைசி நாள். நடு அறையில் கட்டில். சுற்றிலும் இதே ஜமக்காளம், அதன் மேல் சபை முழுக்க. வாசலும் ஜன்னலும் தெரியாமல் ஆட்கள். நீங்கள் பேச முடியாமல் வலது கையை மட்டும் தூக்கி வாசலைக் காட்டினீர்கள். கை விழும், மறுபடி தூக்குவீர்கள், மறுபடி வாசலைக் காட்டுவீர்கள். "பரலோக வாசல் திறந்திருக்கறதை ஐயா பாக்கறாங்க" என்று போதகர் ஐயா சொன்னார். எல்லோரும் கண்ணீரோடு பாட ஆரம்பித்தோம். நானும்தான் பாடினேன். அந்தக் கை அடங்கும் வரைக்கும் பாடினோம். உங்கள் கல்லறையில் ஒரு வாசலைச் செதுக்கி, அதன் கீழே 'வாசலைக் கண்டார்' என்று அண்ணன் எழுதி வைத்திருக்கிறார். பத்திரிகையில் வந்ததும் அதுதான்.

இதை நான் யாரிடம் சொல்வேன்? சொல்லாவிட்டால் ஜன்னலில்லாத அறை. சொன்னால், அண்ணன் உயிராக வைத்திருக்கிற உங்களையே அவர் கையிலிருந்து பிடுங்குகிறேன். இரண்டு நாள் வாயைத் திறக்காமல் சுற்றி வந்தேன். பிறகு அம்மாவிடம் போனேன். மாவாட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, அப்பா எதுக்கும்மா வாசல்ல நின்னு ஜெபிச்சாரு?"

குழவி நிற்கவில்லை. "அவருக்கு அங்கதான் காத்து வரும் கண்ணு."

"உனக்குத் தெரியுமா?"

"கட்டிட்டு வந்த நாள்லருந்து பாக்கறேன். தெரியாம இருக்குமா?"

"அப்பறம் எனக்குப் பேயின்னு அல்லாரும் சொல்றப்ப நீ எதுக்கும்மா சும்மா இருந்தே?"

அப்போதுதான் குழவி நின்றது. "ஊரே அவரைக் கையெடுத்துக் கும்புடுது. அவரு காத்துக்குத்தான் நின்னாருன்னு நான் போயிச் சொல்லோணுமா? உங்கண்ணனுந்தான்..." என்று ஏதோ சொல்ல வந்தவள் அழுதுவிட்டாள். "செத்தவரை விட்டுரு கண்ணு. உனக்காக நான் தாராபுரத்துக்குக் கூட வாரேன்."

கூட வருகிறாளாம். எனக்குக் கோபம் தலைக்கு ஏறியது. ஆனால் அந்த மாவுக் கையைப் பார்த்ததும் திரும்பி வந்துவிட்டேன்.

நேற்று சாயங்காலம் ஜெப வேளை. பெட்டி மேலிருந்து ஜமக்காளத்தை அவிழ்த்து விரித்தார் அண்ணன். அண்ணியும் அம்மாவும் முழங்காற்படியிட்டார்கள். நான் இந்த நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"முழங்கால் போடு அம்மணி. நாளன்னிக்குப் பயணம்."

"நான் இங்கயே நிக்கறனுங்கண்ணா."

"ஏன்?"

"அந்த ஜமக்காளத்துத் தூசி எனக்கு ஆகமாட்டீங்குது. அதுல குனிஞ்சா மூச்சடைக்குது. அப்பாவுக்கும் ஆகலை. அதுக்குத்தான் அவரும் இங்க நின்னாரு."

"அப்பா தாழ்மையில நின்னாரு" என்றார் அண்ணன்.

"செரிங்கண்ணா. ஜெபத்துல மூச்சடைச்சா பேயின்னு சொல்றீங்களே, அப்ப அப்பாவுக்கும் பேய் இருந்துச்சுங்களா?"

கையை ஓங்கிக்கொண்டு வந்தார். அண்ணன் என்னை அடித்ததே இல்லை அப்பா, நேற்றும் அடிக்கவில்லை. ஓங்கின கை ஜமக்காளத்தைக் காட்டியது. "எந்த வாயில சொல்றே? அப்பா முழங்கால் பட்டுப் பட்டுக் குழிஞ்சு கெடக்குது, உன்ற கண்ணுக்குத் தெரியலையா?"

"அது என்ற முழங்கால் சாமி" என்றாள் அம்மா.

அவள் எழுந்திருக்கவில்லை. அந்த இரண்டு பள்ளத்திலும்தான் அவள் முழங்கால்கள் இருந்தன. நாங்கள் எல்லோரும் குனிந்து பார்த்தோம். எத்தனை வருஷமாக அவள் அதே இடத்தில்தான் முழங்காற்படியிடுகிறாள், ஒருவராவது கவனித்தோமா?

"அவரு ஒருநாளும் இதுல முழங்கால் போட்டதில்லை. போட முடியலை அவருனால. அன்னிக்கு அவரு கையக் காட்டுனது நம்மூட்டு வாசலைத்தான். எனக்குத் தெரிஞ்சுது. நீங்க அல்லாரும் பாட்டுப் பாடிட்டு இருந்தீங்க. அந்தச் சத்தத்துல நான் என்னன்னு சொல்லுவேன்? அப்பறம் கல்லுலயே எழுதிப்போட்டீங்க."

யாரும் ஜெபிக்கவில்லை. நம் வீட்டில் ஜெபமில்லாமல் விளக்கு அணைந்தது நேற்றுத்தான்.

காலையில் நான் எழுந்து வந்தபோது ஜமக்காளம் மதில் மேல் வெயிலில் கிடந்தது. யார் போட்டார்கள் என்று நான் கேட்கவில்லை. அண்ணன் வேலைக்குக் கிளம்பி, தலைப்பாகையைக் கட்டிக்கொண்டு, போகாமல் நடு அறையிலேயே நின்றார். உங்கள் கட்டில் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார். திரும்பத் திரும்ப இரண்டையும் பார்த்தார்.

"நாலு எட்டுத்தான் இருக்கும். தூக்கிட்டு வந்திருக்கலாமில்ல அம்மணி" என்றார்.

நான் பதில் சொல்வதற்குள் என்னை விலக்கிக்கொண்டு படியிறங்கிப் போய்விட்டார். தாராபுரம் போக வேண்டாம் என்று சொல்லவில்லை. போக வேண்டும் என்றும் சொல்லவில்லை. பெட்டி கட்டினது கட்டினபடியே இருக்கிறது. "ஜெபக்காரருக்குச் சொல்லியனுப்பியாச்சுங்களே, மூப்பர் கேட்டா என்னங்க சொல்றது?" என்று அண்ணி என்னிடமே வந்து கேட்டுவிட்டுப் போகிறாள். அவள் பயம் அவளுக்கு. பள்ளிக்கூடத்திலிருந்து ஒரு சேதியும் இல்லை. கஞ்சி போட்ட சேலை மடிப்புக் கலையாமல் இருக்கிறது. வீட்டுக்குள் போனால் சுவர், வெளியே போனால் ஊர் வாய். இரண்டுக்கும் நடுவில் இந்தப் படி ஒன்றுதான் எனக்கு.

உங்கள் மேல் எனக்குக் கோபம் இருக்கிறது. ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் இந்த வருஷம் எனக்கு வந்திருக்காது. உங்கள் கடைசி மணி நேரமும் அப்படிப் போயிருக்காது. கோபம் வரும்போதெல்லாம், "இங்க வா கண்ணு, அப்பாகூட நில்லு" என்ற குரலும் கூடவே வந்துவிடுகிறது. நான் என்ன செய்ய?

இன்று சாயங்காலம் அண்ணன் வந்ததும் ஜெபம் இருக்குமோ இருக்காதோ. இருந்தால் இங்கேதான் நிற்பேன். யாராவது மெச்சினால், தாழ்மையில்லைங்க, காற்றுக்குத்தான் நிற்கிறேன் என்று சொல்வேன். நீங்களும் அதற்குத்தான் நின்றீர்கள் என்றும், காற்றுக்காக நின்றாலும் நீங்கள் செய்தது ஜெபம்தான் என்றும் சேர்த்துச் சொல்வேன். நாளைக்குப் பெட்டியை யார் தூக்கினாலும் நான் இந்த நிலையை விட மாட்டேன். இது நான் உங்களுக்குக் கொடுக்கிற வாக்கு.

அம்மாவிடமும் ஒன்று சொல்லிவைத்திருக்கிறேன். அண்ணன் வந்ததும் அவரிடமும் சொல்வேன். என் நாள் வரும்போது, பேச முடியாமல் என் கை வாசலைக் காட்டினால், யாரும் பாட வேண்டாம். கட்டிலோடு தூக்கிக்கொண்டு வந்து வாசலில் போடுங்கள். பரலோகத்தை நான் அங்கிருந்து பார்த்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நீங்கள் பிடித்த நிலையைப் பிடித்துக்கொண்டு நிற்கும் உங்கள் மகள்
கிருபை